செல்லக்கனி வளர்த்த மருதாயி

போடி மண்டியில் முறத்தை மடியில் சாய்த்து, ஏலக்காயின் காம்புகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள் செல்லக்கனி. அறுவடைக் காலத்தில் மலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து விடுவாள். மற்ற நாளில் இந்தச் சோலி.

ஆள் சேர்க்கப் பேச்சு வேண்டும். சிரிக்கவைத்து இணங்கச் செய்தால் அது தாஜா. கண்ணீர் விட்டு நம்பவைத்தால் பசப்பு. இல்லாததை எதிரே நிறுத்தினால் கண்கட்டு. அவளுக்கு மூன்றும் வரும். யாருக்கு எது, எவ்வளவு என்பதும் தெரியும்.

ஐம்பத்தாறாம் வருஷ மழையில், அவள் சேர்த்துவிட்ட ராசிங்காபுரத்து மருதாயி மலைக்காய்ச்சலில் இறந்தாள். செல்லக்கனி பார்த்திருக்க அங்கேயே புதைத்தார்கள். செய்தி சொல்லப் போன அன்று தாய் மூக்கம்மாளும் காய்ச்சலில் படுத்திருந்தாள். தேறட்டும் என்று, "நல்லாருக்கா மதினி" என்றாள் செல்லக்கனி. அந்தத் தோட்டத்தில் ராசிங்காபுரத்து ஆள் வேறு இல்லை. தேறிய பிறகும் பொய் நிற்கவில்லை. சதை போட்டுவிட்டாள், பச்சைச் சேலை எடுத்திருக்கிறாள், மலையாளம் பேசுகிறாள் என்று வளர்ந்தது.

அதன்பின் மண்டியில் தனியாக இருக்கும்போது எதிரே யாரோ உட்கார்ந்து காம்பு கிள்ளுவது தெரியும். இறந்த மருதாயி ஒல்லி. வருகிறவளோ சதைப்பிடிப்போடு, பச்சைச் சேலையில் வந்தாள்.

அன்று மூக்கம்மாள் இளையவள் அன்னக்கொடியையும் ஒரு மூட்டையையும் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"காலையில ஜீப்பு போகுதாமே மதினி. இவளையும் ஏத்தி விடுங்க. அக்காளும் தங்கச்சியும் ஒண்ணாக் கெடக்கட்டும்."

"மலைக்குளிரு இவளுக்கு ஆகாது."

"மூத்தவளுக்கு மட்டும் ஆச்சாக்கும்? சதை போட்டுட்டான்னு நீங்கதான சொன்னீக."

"நானும் சதை போட்டா அந்த ஜீப்பு ஏறாது அத்தே" என்று சிரித்தாள் அன்னக்கொடி.

"அவளை வேற தோட்டத்துக்கு மாத்திட்டாக."

"அப்ப அங்கயே இவளையும் விடுங்க."

அன்னக்கொடிக்குப் பின்னால் பச்சைச் சேலை நின்றது. சதைப்பிடிப்பான கை ஒன்று தங்கையின் மூட்டையை வாங்க நீண்டது. செல்லக்கனி முறத்தைக் கீழே வைத்தாள்.

"மருதாயி இல்ல மதினி. போன மழையிலயே காய்ச்சல்ல போயிட்டா."

மூக்கம்மாள் மகளின் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் பச்சைச் சேலை?" என்றாள்.

"பொய்."

"மலையாளம் பேசுனது?"

"அதுவும்."

மூக்கம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அன்னக்கொடி வரவில்லை. மூக்கம்மாள்தான் ஜீப்பில் ஏறினாள். "எடத்தைக் காட்டுங்க" என்றாள். செல்லக்கனியும் ஏறினாள். குரங்கணியில் இறங்கி இருவரும் மலை ஏறினார்கள். ஏலச்செடிகளுக்கு நடுவே ஓரிடத்தில் மண் அமுங்கிக் கிடந்தது.

"தலை எந்தப் பக்கம்?"

செல்லக்கனி காட்டினாள். மூக்கம்மாள் அந்தப் பக்கமாக உட்கார்ந்து, சருகுகளை அள்ளி ஓரமாகப் போட ஆரம்பித்தாள்.