தண்ணீரில் கரைந்த வெல்லம்

போன வாரம் எங்கள் வெல்லக் கிட்டங்கியில் தீப்பிடித்தது உங்களுக்குத் தெரியும். பக்கத்துச் செங்கல் காளவாசல் ஆட்கள் ஓடிவந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். கூரையில் பாதி தப்பியது. வெல்லமோ கரைந்து தெருவில் பாகாக ஓடியது.

இன்று காலை ரயிலில் மதராஸிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"எரிஞ்ச கூரைக்கு மட்டும்தான் தருவோம். பாலிசி தீக்குத்தான், தண்ணிக்கு இல்ல" என்றார்.

வியாபாரம் இதோடு முடிந்தது என்றே நினைத்தேன். என் தம்பி அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

எங்களுக்காக வந்திருந்த வக்கீல் காதர் அண்ணன் கம்பெனிக்காரரிடம் நிதானமாகக் கேட்டார். "தண்ணி ஊத்தலைன்னா வெல்லம் என்னாயிருக்கும்ணே?"

"எரிஞ்சிருக்கும்."

"அப்ப அம்புட்டுக்கும் குடுத்திருப்பீகல்ல? தீ வந்ததாலதானே தண்ணி வந்துச்சு? கோர்ட்டுலயும் இதத்தான் கேப்பேன்."

கம்பெனிக்காரர் சிரித்துவிட்டு, வெல்லத்தையும் சேர்த்து முழு நஷ்டத்தையும் எழுதி, எங்கள் முன்னாலேயே கையெழுத்துப் போட்டார்.

தம்பி காதர் அண்ணனின் கையைப் பிடித்தவன் விடவேயில்லை.

இப்போது ஒரே தொந்தரவுதான். ஊரிலுள்ள எறும்பெல்லாம் கிட்டங்கிக்குக் குடிவந்துவிட்டன. அவற்றைக் காலி செய்ய எந்த வக்கீலைப் பிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.