மேனேஜரின் தட்டும் தண்ணீர் மீட்டரும்

"பாதிக்கப்பட்ட பெண் ஊழியர். கடும் அதிர்ச்சியில் உள்ளார். நாய் வளர்க்கும் வீடுகளுக்கு இனி அனுப்பத் தகுதியற்றவர். மேசைப் பணிக்கு மாற்றப் பரிந்துரைக்கப்படுகிறார்."

குடிநீர் அலுவலகத்தின் விபத்துப் படிவத்தில் மேற்பார்வையாளர் இப்படி எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கடும் அதிர்ச்சியில் இருந்த ஊழியர் கெண்டைக்காலில் கட்டோடு, ஊசியும் போட்டுக்கொண்டு, தன்னைக் கடித்த நாயின் வீட்டுக்கே திரும்பிப் போயிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடி, "அது சாப்பிட்டுச்சா?" என்று விசாரித்தார்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது அவர் வேலை. தரையில் பதித்த இரும்பு மூடியைத் தூக்க ஒரு முழ நீளக் கொக்கி வைத்திருப்பார். அதனால் பத்தொன்பது வருடமாக அவர் எல்லாத் தெருவுக்கும் கொக்கியக்கா. இந்தக் கொக்கியக்காவுக்கு நாய் என்றால் பயம். வழியில் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால்கூட எதிர்ப்பக்கமாகப் போவார். மேசைப் பணி கிடைத்தால் மின்விசிறிக்கு அடியில் நிம்மதியாக உட்காரலாம். பயந்தவர்கள் அதைத்தான் செய்வார்கள். இவர் பயத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டே இன்னொரு பக்கம் பிடிவாதமாக இருந்தார்.

நாயின் பெயர் மேனேஜர். நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு, வருகிறவர்களை மட்டும் தலை தூக்கி முறைப்பதால் வைத்த பெயர். வீடு ஒரு தையல் மாஸ்டருடையது. முன்னறையில் மிஷின், கழுத்தில் டேப், காதில் சாக்கட்டி. நாய்க்கு ஊசி எல்லாம் முறையாகப் போட்டிருந்தது. முறையாக இல்லாதவை வேறு.

மேற்பார்வையாளரின் ஏற்பாடு எளிமையானது. அடுத்த அளவு எடுக்கும் நாளுக்கு இன்னும் நாற்பத்திரண்டு நாள் இருந்தது. அன்று அந்த வீட்டில் அசம்பாவிதம் இல்லாமல் அளவு எடுத்துவிட்டால் படிவத்தைக் கிழித்துவிடலாம். இல்லையென்றால் படிவம் மேலே போகும், நாய் நகராட்சிக் கூண்டுக்குப் போகும், கொக்கியக்கா மேசைக்குப் போவார். கடித்த நாய் அந்தக் கூண்டிலிருந்து திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"எதுக்கும்மா உங்களுக்கு இந்த வேண்டாத வேலை? இப்பவே ஒரு கையெழுத்துப் போட்டா நாளையிலேருந்து ஃபேன் காத்து" என்றார் மேற்பார்வையாளர்.

"கையெழுத்து எங்கயும் ஓடிடாது சார். அது ஏன் கடிச்சுதுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது."

மறுநாள் சாயங்காலம் விசாரணை மாஸ்டர் வீட்டில் தொடங்கியது. நாயைப் பின்னறையில் கட்டியிருந்தார்கள்.

"அது உறுமவே இல்லையே மாஸ்டர். நாய்னா உறுமிட்டுத்தானே கடிக்கும்?"

மாஸ்டர் முகத்தில் பெருமை வந்தது. "உறுமாது. அந்தப் பழக்கத்தையே ஒழிச்சுட்டேன்ல? உறுமினா ஸ்கேலால ஒண்ணு. ஆறே மாசத்துல வாயத் திறக்கறதில்ல."

"ஆமா, திறக்கல. நேரா அக்கா காலைக் கவ்விடுச்சு" என்றார் மாஸ்டரின் மனைவி.

கொக்கியக்கா ஏற்கனவே கால்நடை மருத்துவரைப் பார்த்து வந்திருந்தார். அவர் பத்து நிமிடத்தில் சொன்னது இவ்வளவுதான்: நாய் உறுமுவது "தள்ளிப் போ" என்று கேட்டுக்கொள்வது. கேட்டால் அடி விழும் என்று தெரிந்த நாய் கேட்காமலே கடிக்கும். ஆனால் அது எதற்காகத் தள்ளிப் போகச் சொல்கிறது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அனுப்பிவிட்டார்.

"சாப்பாடு எங்க வைக்கறீங்க?"

"வாசக் குழாய்கிட்ட. தட்டைக் கழுவ வசதி."

கொக்கியக்கா எட்டிப் பார்த்தார். குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மீட்டர் மூடி. பத்தொன்பது வருடத்தில் அந்த மூடியை நூறு தடவையாவது தூக்கியிருப்பார். பக்கத்தில் இருந்த தட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு முறை யாரோ இரும்புக் கம்பியோடு வந்து மேனேஜரின் சோற்றுக்கு மேலே குனிகிறார்கள். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்து இறுக்குகிறார்.

"நானா இருந்தாலும் கடிச்சிருப்பேன்" என்றார் மனைவி.

"நீ ஒண்ணும் இல்லாமலே கடிப்ப" என்றார் மாஸ்டர்.

தட்டைச் சமையலறைக்கு மாற்ற ஒரு நிமிடம் ஆனது. நாயை மாற்றுவது அப்படியில்லை. தினமும் வேலை முடிந்து ஐந்தரை மணிக்குக் கொக்கியக்கா வந்து, சாலைக்கு அந்தப் பக்கம் விளக்குக் கம்பத்தடியில் நின்று கொக்கியைக் காட்டுவார். கொக்கி தெரிந்ததும் உள்ளே மாஸ்டர் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். கொக்கி மறைந்தால் கோழியும் நிற்கும். பத்து முறை, அவ்வளவுதான். மறுநாள் ஓர் அடி முன்னால். நாய் விறைத்தாலோ, கறியை வாங்க மறுத்தாலோ, மறுபடி பின்னால். தெருவில் போகிறவர்கள், கம்பத்தடியில் நின்று இரும்புக் கொக்கியைத் தூக்கித் தூக்கிக் காட்டும் பெண்மணியைப் பற்றித் தங்களுக்குத் தோன்றியதைப் பேசிக்கொண்டார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாம் நாள் கேட்டருகே வந்தபோது மேனேஜர் உறுமியது. மாஸ்டரின் கை பழக்கத்தில் ஸ்கேலுக்குப் போனது.

"தொடாதீங்க மாஸ்டர்! இன்னிக்குத்தான் அது வாயத் திறந்து பேசியிருக்கு." கொக்கியக்கா இரண்டடி பின்னால் போய் நின்றார். நாய் அவரையே பார்த்தது. உறுமினால் ஆள் தள்ளிப் போகிறார், அடியும் விழவில்லை. அதற்கு இது புதுச் செய்தி.

இருபத்து நாலாம் நாள் அவர் வந்தபோது, மாஸ்டரின் சட்டையில் ஒரு கை முழங்கை வரை கிழிந்திருந்தது. தையல்காரர் கிழிந்த சட்டையோடு நின்றால் கேட்காமல் இருக்க முடியாது.

"கஸ்டமர் ஒருத்தர் நம்பலக்கா. நாய் திருந்திடுச்சுன்னு காட்டலாம்னு பட்டையப் பிடிச்சு மூடிகிட்ட கூட்டிட்டுப் போய், கத்திரியால மூடிய ரெண்டு தட்டு தட்டினேன்..."

"அளவெடுக்காம வெட்டிட்டீங்க மாஸ்டர்" என்றார் கொக்கியக்கா.

"எவ்வளவு பின்னால போகணும்?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம். முதல்லேருந்து."

"பதினெட்டு நாள்தானேக்கா இருக்கு?" என்றார் மனைவி. "இவரை எப்பப் பழக்கறது?"

"அதுக்குக் கோழி பத்தாதும்மா."

கம்பத்தடிக்கே திரும்பிப் போனார். மழை பெய்த நாளில் குடையோடு நின்றார். காய்ச்சல் வந்த நாளிலும் பத்து முறை காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மாஸ்டர் பட்டையைப் பிடிப்பதை விட்டார். கோழி கொடுக்கும் பொறுப்பை மனைவி பிடுங்கிக்கொண்டார். முப்பத்தைந்தாம் நாள், மூடியில் கொக்கி உரசும் சத்தம் கேட்டதும் மேனேஜர் மூடியைப் பார்க்காமல் மனைவியின் கையைப் பார்த்தது.

நாற்பத்திரண்டாம் நாள் மேற்பார்வையாளர் படிவத்தோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். வாசலின் அந்த ஓரத்தில் விரித்த சாக்கில் மேனேஜர், பக்கத்தில் கயிற்றைத் தளரப் பிடித்தபடி மனைவி. கொக்கியக்கா உள்ளே வந்தார். மூன்றாவது அடியில் நாய் மெதுவாக உறுமியது. அவர் நின்றார். ஓர் அடி பின்வாங்கினார். கொக்கியைத் தாழ்த்திக் காத்திருந்தார். நாய் அவரைப் பார்த்தது, கோழியைப் பார்த்தது, பிறகு சாக்கில் முகவாயை வைத்துப் படுத்தது.

"உறுமிச்சே!" என்றார் மேற்பார்வையாளர். "இது அசம்பாவிதம் இல்லையா?"

"இல்ல சார். சொல்லிட்டு சும்மா இருக்கு பாருங்க. இதுக்குத்தான் இத்தனை நாள்."

மேற்பார்வையாளர் படுத்திருந்த நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். படிவத்தை நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கொக்கியக்கா குனிந்து மூடியைத் தூக்கினார், மீட்டரின் கண்ணாடியைத் துடைத்தார், அளவைக் குறித்துக்கொண்டார், மூடியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.