எங்கள் கம்பெனியின் கார்

எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடியாக ஒரு கார் கம்பெனியைக் கும்பிட்டுவந்தோம். வெளிநாட்டுக் கம்பெனி. தாராவியில் நாங்கள் குடியிருந்த சந்துக்குள் அதன் காரைக் கொண்டுவந்தால் ஒரு கதவைக்கூடத் திறக்க முடியாது என்பது வேறு விஷயம். அம்பர்நாத்தில் அந்தக் கம்பெனிக்கு ஓர் ஆலை இருந்தது. கார்க் கதவின் விளிம்பில் ஓடுகிற ரப்பரை அங்கே செய்தார்கள். அப்பா அங்கே வேலை பார்த்தார். ஆகவே கம்பெனி எங்களுடையது.

வருடத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பெனி ஐரோப்பாவில் ஒரு ரேஸில் கார் விடும். ஒரு நாள் முழுக்க நிற்காமல் நடக்கிற ரேஸ். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கினால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் முடியும். ஒரு காரை மூன்று பேர் முறைவைத்து ஓட்டுவார்கள். ஷிஃப்ட் மாற்றி வேலை பார்க்கிற இந்த ஏற்பாடு அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. வேறெந்த விளையாட்டையும் அவர் மதித்ததில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஆலையை மூடப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மேனேஜர் எல்லோரையும் கூட்டிவைத்து, ரேஸுக்கு இந்த வருடம் கம்பெனி கொட்டுகிற பணத்தைப் பாருங்கள், மூடுகிறவன் இப்படிச் செலவழிப்பானா என்று கேட்டாராம். அதை அப்பா வேதவாக்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார். இன்று நினைத்தாலும் அந்த மேனேஜர்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. அன்றைக்கு அம்மா நம்பினாள், நானும் நம்பினேன். மாமா மட்டும் நம்பவில்லை. மாமா அம்மாவின் அண்ணன், மாட்டுங்காவில் டாக்ஸி ஓட்டியவர். ரேஸ் பைத்தியத்தில் அப்பாவுக்குச் சளைத்தவர் இல்லை. ஆனால் கம்பெனிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே மாமா வந்துவிட்டார். வெளியே நல்ல மழை. தன் ஃபோனை எங்கள் டிவியில் இணைத்துவிட்டு, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்கள் கார்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

“இவனுவ ரேஸ் விடுதது என்ன, காரு மேல உள்ள ஆசையிலயா மாப்ள? எல்லாம் விளம்பரம். ஒரு நாள் உக்காந்து கணக்குப் பாப்பான். கோப்பையைக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சிட்டு, ரேஸும் பந்த், ஃபேக்டரியும் பந்த்னு போயிருவான்” என்றார் மாமா.

“ஜெயிச்சா வண்டி விக்கும் மச்சான். வண்டின்னா கதவு உண்டு. கதவுன்னா ரப்பர் வேணும்லா?” என்றார் அப்பா.

“அந்த ரேஸ் காருல ஒம்ம ரப்பர் இருக்கா?”

அப்பா டிவியை உற்றுப் பார்த்தார். அங்கேயும் மழை பெய்துகொண்டிருந்தது. “இல்லாமயா உள்ள தண்ணி ஒழுகாம ஓட்டுதான்?” என்றார்.

மாமா என் பக்கம் திரும்பி, “ஏட்டி, கேட்டியா? ஒங்கப்பன் ரப்பர்லதான் அந்த வண்டியே ஓடுது” என்று சிரித்தார். நான் அதை அப்படியே நம்பினேன்.

முடியப்போகிற நேரத்தில், டயர் மாற்ற நின்ற எங்கள் கார் மறுபடி கிளம்பவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று மாமா முணுமுணுத்தார். அப்பா எழுந்துபோய் முருகன் படத்துக்கு முன்னால் நின்று, இந்தக் கார் ஜெயித்தால் முடி இறக்குகிறேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி வேண்டிக்கொண்டார். கார் கிளம்பியது. ஜெயித்தும்விட்டது. அப்பா மழையில் நனைந்துகொண்டே போய் ஜிலேபி வாங்கிவந்து சந்து முழுக்கக் கொடுத்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் ஆலையை மூடிவிட்டார்கள். வேலைக்குப் போன அப்பா, பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு அடுத்த லோக்கல் ரயிலிலேயே திரும்பி வந்தார். மாமா சொன்னதில் பாதிதான் பலித்தது. ரேஸைக் கம்பெனி கைவிடவில்லை.

“முருகன்கிட்ட வேலையக் கேக்காம காரைக் கேட்டிய. அவரு என்ன செய்வாரு, கேட்டதைக் குடுத்துட்டாரு” என்றாள் அம்மா.

அப்பா, நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று என்னையும் கூட்டிக்கொண்டு செம்பூர் முருகன் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது ரயிலில் எதிரே இருந்த மராட்டிக்காரர் ஒருவர், வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று இந்தியில் விசாரித்தார். அவர்கள் வழக்கத்தில் சாவுக்குத்தான் மொட்டை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இது சாமிக்குப் போட்ட மொட்டை, எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்று நான்தான் பதில் சொன்னேன்.

அப்புறம் அப்பாவுக்கு செம்பூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மறுவருடம் ரேஸ் வந்தபோது மாமா வழக்கம்போல ஃபோனோடு வந்தார். அப்பாவும் உட்கார்ந்து பார்த்தார். ஆனால் வாயே திறக்கவில்லை. மாமாவும் கம்பெனிகளைத் திட்டவில்லை. இருவரும் இப்படி உம்மென்று இருந்தால் கார் எப்படி ஜெயிக்கும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே முருகனை வேண்டிக்கொண்டேன்.

எங்கள் கார்தான் முதலில் வந்தது. நான் துள்ளிக் குதித்து, “ஜெயிச்சிட்டோம்ப்பா!” என்று கத்தினேன்.

அப்பா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அதுவரை அவர் என்மேல் கைவைத்ததே இல்லை. மாமா சட்டென்று டிவியை அணைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழத் தொடங்கியது. ஓகோ, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிட்டதற்குத்தான் இந்த அடி என்று எனக்குப் புரிந்துபோனது. அடுத்த வருடம் ஜெயித்தால் அப்பாவின் காதோடு காதாக மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே முடிவுசெய்தேன்.