கிணற்று மூடி

கல்முனைக் கடற்கரைப் பக்கம் புதிதாகத் திறந்த ஹோட்டலுக்கு மகளோடு போயிருந்தேன். அங்கே குயவர் சக்கரம் ஒன்றின் மேல் கண்ணாடி போட்டு மேசையாக்கியிருக்கிறார்கள். தேத்தண்ணி குடிக்கும்போதே என் விரல் அதன் அடிப்பக்கத்தில், அச்சு நிற்கும் குழியைத் தேடிப் போனது.

எங்கள் வளவுக்குப் பின்னால் நாலைந்து குயவர் வீடுகள் இருந்தன. சாமித்தம்பி அண்ணனின் மனைவி குந்தியிருந்து கையால் சக்கரத்தைத் தள்ள, அண்ணன் கைக்குள் களிமண் சட்டியாக எழும்பும் அந்தக் கரகரச் சத்தத்திலும், தேங்காய் மட்டை எரியும் சூளைப் புகையிலும்தான் எங்கள் பின்னேரங்கள் கழிந்தன. கலவரத்தில் அவர்கள் ஊரை விட்டுப் போனபின், "சும்மாதானே கிடக்கு" என்று வாப்பா அந்தச் சக்கரத்தை உருட்டிவந்து எங்கள் கிணற்றுக்கு மூடியாகப் போட்டார்.

சில வருடம் கழித்து சாமித்தம்பி அண்ணன் எங்களைப் பார்க்க வந்தார்.

"தேத்தண்ணி ஊத்துறன் அண்ணன்" என்றார் உம்மா.

"வேணாம் தங்கச்சி, தண்ணி காணும்" என்றவர், பழகிய வீடுதானே என்று தானே கிணற்றடிக்குப் போய் மூடியைத் தூக்கினார். அவர் விரல் அடியிலிருந்த குழிக்குள் போய் அங்கேயே நின்றது. உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அறைக்குள் இருந்த வாப்பா வெளியே வரவேயில்லை.

அண்ணன் தண்ணீர் குடித்தார். பிறகு மூடியை இடைவெளி இல்லாமல் பொருத்தி வைத்துவிட்டு, "புள்ளையள் விளையாடுற இடம் தங்கச்சி, திறந்து போட்டுராதீங்க" என்றார்.

"இது என்ன உம்மா?" என்று மகள் கண்ணாடியைத் தட்டிக் கேட்கிறாள்.

"மேசைதான் மகள், குடிங்க" என்கிறேன்.