சாக்கு கழித்து எண்பத்தொன்பது

நோர்வேயில் சோற்றை டெசிலிட்டரில் அளக்கிறார்கள், பாலை அளக்கிற அதே கிண்ணத்தில். நான் சேர்ந்த இணையவழி எடைகுறைப்பு வகுப்பின் பயிற்றுநர் குரூ, முதல் நாளே திரையிலிருந்து, "ஒருவேளைக்கு எத்தனை டெசிலிட்டர் சோறு?" என்று கேட்டாள். "ஊரில் என்றால், அக்கா போடுவதை நிறுத்துகிறவரை" என்றேன். அக்கா என்பது ஏதோ தமிழ் அளவு என்று நினைத்து, அது எத்தனை டெசிலிட்டர் என்று கேட்டாள் அந்தப் புண்ணியவதி.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் ஆறு பேர், ஆறு ஊர்களில், கமெராவுக்கு முன்னால் தராசில் ஏறுவோம். காலும் எண்ணும் தெரிய வேண்டும். பன்னிரண்டு வாரம், ஒன்றுகூடத் தவறக்கூடாது. கடைசி வாரம் தொண்ணூறு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் என் வலது முழங்காலில் கத்தி வைப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வேலை எனக்கு. முழங்கால் போனால் வேலையும் போகும். நூற்று நான்கில் தொடங்கி, எட்டாவது வாரம் தொண்ணூற்றொன்றில் நின்றேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

ஒன்பதாவது வாரம் அக்கா மகனின் கல்யாணத்துக்குக் கண்டி வந்தேன். மஹய்யாவையில் வேனை விட்டு இறங்கியதும் அக்கா என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னடி இது, பாதியா வந்து நிக்கிற? அங்க சோறு கீறு குடுக்க மாட்டாங்களா?" பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எனக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒஸ்லோவில் குண்டு என்று வகுப்பில் போட்ட அதே உடம்பு! விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரே நாளில் மூன்று வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டேன். வேண்டாம் என்றால் கோபம்.

செவ்வாய்க்கிழமை கல்யாணச் சமையலுக்கு ஏலமும் கராம்பும் வாங்க அக்காவோடு அக்குறணைக்குப் போனேன். நல்ல மழை. கடைக்குள் நுழையும்போதே பதினொன்றரை, அதாவது ஒஸ்லோவில் எட்டு. அக்கா வீட்டில் தராசு இல்லை. இங்கே மிளகுச் சாக்கு நிறுக்கிற பெரிய தராசு வாசலிலேயே இருந்தது. போனை ஒரு சாக்கின்மேல் சாய்த்து வைத்தேன். அக்காவுக்குப் பழக்கமான முதலாளி நாநாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்ன தங்கச்சி, ஏறுங்க" என்றார்.

ஏறினேன். கடையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். "தொண்ணூத்திரண்டு" என்று நாநா சத்தமாக வாசித்தார். ஒரு கிலோ ஏறியிருந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. நாற்பது வருஷமாக மிளகு வாங்குகிற மனிதர். சாக்கையும் ஈரத்தையும் கழிக்காமல் அவர் வாயில் எடை வராது. காதில் இருந்த பேனையை எடுத்து பில் துண்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "சாரிக்கு ஒண்டு. காப்புக்கும் சங்கிலிக்கும் ஒண்டு. மழையில நனஞ்சு வந்தீக்கிறீங்க, ஈரத்துக்கு ஒண்டு." பிறகு போனுக்குள் குனிந்து, "மேடம், எய்ட்டி நைன்!" என்றார்.

"ஃப்ளிங்க்! ஃப்ளிங்க்!" என்று கத்தினாள் குரூ. கெட்டிக்காரி என்று அர்த்தம். ஐந்து சதுரங்களிலும் கைதட்டல். கடையிலும் தட்டினார்கள். என் முழங்காலுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டதென்று ஒரு நிமிஷம் நானே நம்பினேன்.

"வாய மூடிக்கிட்டு எறங்கு" என்று அக்கா இடுப்பில் கிள்ளினாள்.

மூட முடிந்தால்தானே? சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனைத் தராசின் முள்ளுக்கு நேரே திருப்பினேன். "தொண்ணூற்றிரண்டு. அவர் ஈரத்தைக் கழித்துவிட்டார்" என்று நோர்வே மொழியில் சொன்னேன். குரூவுக்கு விளங்கவில்லை. "குளித்துவிட்டா தராசில் ஏறினாய்?" என்றாள். சாக்கு, மிளகு, மழை எல்லாம் விளக்கி முடித்தபோது ஆறு ஊரும் விழுந்து விழுந்து சிரித்தது. குரூ கண்ணைத் துடைத்துக்கொண்டு தொண்ணூற்றிரண்டு என்றே பதிந்தாள். அந்த நேரம் பார்த்து நாநா என் கையில் எண்ணெய் மினுங்குகிற ஒரு துண்டு தொதல் இனிப்பை வைத்தார்.

"அது எத்தனை டெசிலிட்டர்?" என்றாள் குரூ.

பில் துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒஸ்லோவில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அதை ஒட்டி வைத்து, மூன்று வாரம் மழையிலும் நடந்தேன். பன்னிரண்டாவது செவ்வாய், மடிக்கணினியில் குரூ, கையிலிருந்த போனில் அக்கா. தராசில் ஏறினேன். எண்பத்தொன்பது. சாக்கு கழிக்காமலே!

மடிக்கணினியில் கைதட்டல் வெடித்தது. முழங்கால் தப்பியது என்று எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. போனில் அக்காவும் அழுதாள்: "ஐயோ, என் தங்கச்சி உருகிப் போயிட்டாளே!" குரூ இறங்கு என்று கை காட்டினாள், அக்கா போய்ச் சாப்பிடு என்று கத்தினாள். நான் அந்தச் சின்னக் கண்ணாடித் தட்டின்மேல் சிரித்துக்கொண்டே நின்றேன், யாருக்கு முதலில் பதில் சொல்வது என்று தெரியாமல்.