பாலத்தில் ஸ்டெல்லா யாரைத் தூக்கினாள்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டும் வரி எங்காவது வந்துவிட்டால், அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுவதாக எனக்குள் ஒரு ஒப்பந்தம்.

மல்லாட்டை மூட்டைகளின் வாசனை... மண்ணும் சாக்கும் கலந்து மூக்கில் ஏறும். செஞ்சிக் கடைத்தெருவில் நைனாவின், அதாவது அப்பாவின், கடைக்கு மேலே இருக்கும் அறை அது. எட்டாம் வகுப்பில் சனிக்கிழமை டியூஷன் முடிந்ததும் நானும் ஸ்டெல்லாவும் அங்கேதான் ஏறுவோம். வேர்க்கடலை எடுத்துத் தின்ன, சாக்கில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

நான் ஒரு வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்ட விளையாட்டு. ஒருத்தி கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்க வேண்டும். ராஜா, காவலாளி, பேய், கழுதை என்று மீதி எல்லாருக்கும் கதை சொல்பவளே பேச வேண்டும். சண்டை வந்தால் லூடோ டப்பாவின் பகடையை உருட்டுவோம். மற்றபடி ஒவ்வொரு திருப்பத்திலும் நான் கேட்பது ஒன்றுதான்.

"நீ இன்னா செய்வே?"

சொன்னது சொன்னதுதான். அதன்படியே கதை போகும்.

ஸ்டெல்லா வில்லாளி. ஒருமுறை, தாகத்தில் கிடந்த எதிரிச் சிப்பாயைக் கொல்லாமல் தண்ணீர் கொடுத்தாள். பல வாரம் கழித்து அவள் சிறையில் மாட்டியபோது, கதவைத் திறந்துவிட வந்தவன் அந்தச் சிப்பாய். ஸ்டெல்லா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுடி" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக வாரம் முழுக்கக் கதை யோசிப்பேன்.

கதைக்குள் அவள் தனியாக நடக்கிறாளே என்று துணைக்கு ஒருத்தியை உண்டாக்கினேன். பெயர் மின்னி. தீவட்டி பிடித்துக்கொண்டு கூடவே வருவாள். கொஞ்சம் அதிகம் பேசுவாள், கொஞ்சம் என்னைப் போல.

அப்புறம் பவித்ரா வந்தாள்.

வல்லம் பஸ்ஸில் ஸ்டெல்லாவுடன் வருபவள். ஸ்டெல்லாதான் கூட்டி வந்தாள். பவித்ரா திருடி வேடம் எடுத்துக்கொண்டாள். எந்தச் சுவரிலும் ஏறுவாள். என் கழுதைக்கு "ஹெட்மாஸ்டர்" என்று பெயர் வைத்தாள். ஸ்டெல்லா மூட்டைமேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அது நல்ல பெயர்தான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய பெயர்.

அதற்குப் பிறகு, நான் கேள்வி கேட்பதற்கு முன்பே பதில் வந்தது. "நாங்க பஸ்ஸுலயே பேசிக்கினோம்" என்பாள் ஸ்டெல்லா.

ஒருநாள் கதையில் அவர்கள் தங்கியிருந்த சத்திரத்தைவிட்டுக் கிளம்பினார்கள். மின்னியைக் கூப்பிடவில்லை. நான் கதையை மேலே ஓட்டினேன். அடுத்த சனிக்கிழமையும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு குகை இருட்டாக வந்தபோதுதான் ஸ்டெல்லாவுக்கு உறைத்தது.

"ஐய... மின்னிய சத்திரத்துலயே விட்டுட்டோமாடி?"

பவித்ரா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அன்று இரவுதான் பாலத்தை யோசித்தேன். எங்கள் செஞ்சிக்கோட்டை ராஜகிரி மலையில் உச்சிக்குப் போகும் முன் பாறை பிளந்து கிடக்குமே, அதேபோல ஒரு பிளவு. மேலே மரப்பாலம். பாலம் தீப்பிடிக்கிறது. ஸ்டெல்லா கடந்துவிட்டாள். பின்னால் வந்த பவித்ராவும் மின்னியும் ஆளுக்கொரு பலகையைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

"ஒருத்தியத்தான் தூக்க முடியும்" என்றேன், அடுத்த சனிக்கிழமை. "பகடை கிடையாது. நீ இன்னா செய்வே?"

நான் கேட்டது பாலத்தைப் பற்றி இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். பவித்ராதான் முதலில் பேசினாள். "என்ன வுட்டுடுடி. நான் வேற ஆளு செஞ்சிக்கறேன்." நிஜமாகவே சொன்னாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்...

ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள்.

"பவித்ராவத் தூக்கறேன்."

"ஏன்?"

"ராஜா நீ, பேய் நீ, கழுத கூட நீதான். உனக்கு ஊரே இருக்குது. அவளுக்கு ஒருத்திதானே இருக்கா."

ஒரு கழுகு வந்து மின்னியைத் தூக்கிப்போனது என்று நான் சொல்லியிருக்கலாம். கதை என் கையில்தான் இருந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான் என்று விதி வைத்தவளும் நானே. அதனால் சொன்னேன். தீவட்டி முதலில் விழுந்தது, வெளிச்சம் சின்னதாகிக்கொண்டே போனது, மின்னி கத்தவில்லை. என் கதைகளிலேயே நன்றாகச் சொன்னது அதுதான். பவித்ரா அழுதாள். ஸ்டெல்லா அழவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.

அதன் பிறகும் சில மாதம் விளையாடினோம். தீவட்டியை ஸ்டெல்லாவே பிடித்துக்கொண்டாள்.

இப்போது நான் பிளஸ் டூ. அவர்கள் இருவரும் வேறு பள்ளி, ஒரே ஹாஸ்டல். நான் முகம் தெரியாதவர்களோடு ஆன்லைனில் விளையாட்டு நடத்துகிறேன். பகடைக்கு ஆப், வரைபடத்துக்கு ஆப். யாரைக் காப்பாற்றுவது என்று கேட்டால் உடனே பதில் டைப் செய்கிறார்கள். யாரும் என் முகத்தைப் பார்த்து யோசிப்பதில்லை.

போன வாரம் ஸ்டெல்லா போன் செய்தாள். ஹாஸ்டலில் பவித்ராதான் கதை சொல்கிறாளாம். "உன்ன மாதிரியே கேக்கறாடி, 'நீ இன்னா செய்வே'ன்னு" என்றாள், எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து.

பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த முறை பவித்ராமேல் இல்லை. ஸ்டெல்லாமேல். அத்தனை சனிக்கிழமையும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். என்னை ஒருவரும், ஒருமுறைகூட, நீ என்ன செய்வாய் என்று கேட்டதில்லை.

லீவுக்கு வரும்போது எனக்கும் ஒரு ஆள் கொடுக்கச் சொல்லிப் பவித்ராவிடம் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே இதை எழுதுகிறேன், அதே மாடி அறையில். மெயின் சுவிட்ச் கீழே கடையில் இருக்கிறது. நைனா ஷட்டரை இறக்குகிறார். மேலே நான் இருப்பதை மறந்து விளக்கை அணைத்துவிட்டார்.