தொப்பைக்குப் பட்டினி போட்ட கிறிஸ்டினா

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் ரூம் என்றால் ஏசி பெட்டி ஒன்று, அதற்குக் கீழே குளிருக்குச் சால்வை போர்த்திய கிறிஸ்டினா. டிப்ளமோவைப் பாதியில் விட்டவள். ஆனாலும் கறுப்புத் திரையில் தட்டி ஓட்டுகிற ஒரு கட்டளையைத் தானே எழுதி வைத்திருந்தாள். டிஸ்க்கில் எந்த ஃபைல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். அதற்கு அவள் வைத்த பேர் 'தொப்பை'. மேனேஜர் நவநீதனின் வயிற்றைப் பார்த்து வைத்த பேர் என்பது கம்பெனியில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாது.

டிஸ்க்கை நிரப்புவதெல்லாம் கேமரா வீடியோ, ஷிஃப்டுக்கு ஒன்று. பழசை அழித்தால் இடம் வரும். ஆனால் வரிசையில் ஒரு பேர் குறைந்தாலும் கேமரா சாஃப்ட்வேர் மக்கர் பண்ணும். வெளிநாட்டு ஆடிட்காரர்களும் பேர்கள் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், ஒன்றையும் திறந்து பார்ப்பதில்லை. அதனால் கிறிஸ்டினா தொப்பைக்கு ஒரு புது வசதி சேர்த்தாள். ஃபைலின் பேர் அப்படியே நிற்கும், உள்ளே இருப்பதெல்லாம் காலியாகி அளவு பூஜ்யமாகிவிடும். இதற்குப் பேர் 'பட்டினி'.

அவள் லீவு போடும் நாளுக்காக நவநீதனுக்கும் கற்றுக்கொடுத்தாள்.

"இன்னாமா இது, தட்டுனா 'நிச்சயமா'னு கேக்குது? எம் பொண்டாட்டிகூட என்ன இவ்ளோ கேள்வி கேட்டதில்ல."

"தப்பான ஃபைல காலி பண்ணிட்டா திரும்ப வராது சார்."

"எனக்குத் தெரியாதா? எட்த்துடு அத."

எடுத்துவிட்டாள். மேனேஜரோடு யார் மல்லுக்கட்டுவது?

தோல் வெட்டும் கட்டிங் பிரஸ்ஸில் வேலை செய்யும் விஜயகுமாரி, கிறிஸ்டினாவோடு ஒரே ஷேர் ஆட்டோவில் வருபவள். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் அந்த மிஷின் தோலின் மேல் இறங்கும். கை உள்ளே போகாமலிருக்க அந்த ஏற்பாடு. டார்கெட் ஏறினால் ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கியே வைத்துவிடுவார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை தோலில். வேலை பறக்கும். அப்படி ஒருநாள் விஜயகுமாரியின் மூன்று விரலும் பறந்தது.

கிறிஸ்டினா சால்வையை அந்தக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அவளோடு வேனில் ஏறினாள். வேலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் விடவில்லை.

"அந்த டேப்ப நான் ஒட்டல பாப்பா. செந்தில்குமார் சார்தான் காலைல வந்து ஒட்னாரு. வேணாம்னு சொன்னேன்."

"சூப்பர்வைசர் ஒட்னத கேமரா பாத்திருக்கும்க்கா. நான் போய் எடுத்து வெச்சிட்றேன். அழுவாத."

"நான் எங்க அழுவுறேன்? நீதான் அழுவுற."

சாயங்காலம் கிறிஸ்டினா திரும்பி வந்தபோது அவள் நாற்காலி மேசையிலிருந்து ஒரு தொப்பை அளவு தள்ளிக் கிடந்தது. உட்காராமலேயே கட்டளையைத் தட்டினாள். முதல் வரிசையில் இருக்க வேண்டிய காலை ஷிஃப்ட் வீடியோ கடைசியில் இருந்தது. பேர் இருந்தது. அளவு பூஜ்யம்.

விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஓர் ஆபீசர் வந்தார். நவநீதன் திரையைக் காட்டினார். "பாருங்க சார், ஃபைல் இருக்குது, ஒண்ணும் பதிவாவல. கேமரா மக்கர். டேப்ப அந்தம்மாவே ஒட்டிக்கினாங்க."

"மக்கர் இல்ல சார்," என்றாள் கிறிஸ்டினா. "யாரோ காலி பண்ணிட்டாங்க. அப்டி காலி பண்றதுக்கு எழுதுனதே நான்தான்."

"யாரு பண்ணதுன்னு பாத்தியாமா?" என்றார் ஆபீசர்.

"பாக்கல சார். நாற்காலி தள்ளிக் கிடந்துச்சு."

செந்தில்குமார் சிரித்துவிட்டான். நவநீதன் சிரிக்கவில்லை. "எழுதுனது நான்தான்னு அதுவே சொல்லுது. இதுக்கு மேல நான் இன்னா சார் சொல்ல?"

ஆபீசர் 'வீடியோ பதிவு இல்லை' என்று எழுதிக்கொண்டு, கொடுத்த இளநீரைக் குடித்துவிட்டுப் போனார். சொந்த அஜாக்கிரதை என்று விஜயகுமாரியின் கேஸ் முடிந்தது. கிறிஸ்டினாவை அன்றோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள்.

போவதற்கு முன் அவள் பட்டினிக்குள் ஒரு வரி சேர்த்தாள். யார் எதைக் காலி பண்ணப் போனாலும் இனி அது முதலில் ஒன்று கேட்கும்: 'விஜி அக்காவக் கேட்டியா?' ஆமாம் என்று தட்டினால்தான் நகரும்.

அவள் இடத்துக்கு வந்த ஜீவாவை ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். பக்கத்தில் விஜயகுமாரி இடது கையால் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் எழுதுன கேள்வி இன்னும் வருதா?"

"தினமும் வருதுக்கா."

"சார் இன்னா பண்றாரு?"

"எங்க படிக்கிறாரு? ஆமானு தட்டிட்டு டீக்குப் போய்ட்றாரு."